தட்டுல வெச்ச அஞ்சு பீஸு

கிளாடிஸ் அன்னைக்குக் காலைல ஊட்டை விட்டுக் கெளம்பும்போது புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவ சொல்லாம இருந்திருக்கலாம்.

ஜெஃபின் அடுப்படியில நின்னு புதுக் குக்கரோட மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டிருந்தான். மில்லுல அவனுக்கு அந்த வாரம் சாயங்கால ஷிஃப்டு. அதனால மத்தியானச் சோறு அவன் பொறுப்பு.

"கிளாடி, இதுல விசில் ஒழுங்கா வரமாட்டேங்குது. குழாயில பருப்பு அடைச்சுக்குது போல. பழைய குக்கரையே எடுத்துக்கட்டுமா?"

"பழசை எங்க போய்த் தேடறது? அதான் எடைக்குப் போட்டாச்சே. குண்டூசியால ஒரு குத்துக் குத்தி உட்டுட்டு வைங்க. அப்படியே அடைச்சாலும் என்ன? சேஃப்டி வால்வு எதுக்கு இருக்குது? அது நான் பார்த்து அனுப்புன பீஸுங்க. என்னை நம்புங்க."

காய்ச்சல்னு ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுச் சோபாவுல சுருண்டு கெடந்த மக நவ்யாவோட நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டு, கிளாடிஸ் ஸ்கூட்டியை எடுத்துட்டு மதுக்கரையில இருந்து கெளம்பிட்டா.

சும்மா சொல்லக்கூடாது, அப்படிப் பேச அவளுக்கு உரிமை இருந்துச்சு. கிணத்துக்கடவு போற ரோட்டுல ஈஸ்வரமூர்த்தியோட கம்பெனியில அவதான் குவாலிட்டிக்குப் பொறுப்பு. அங்க செய்யறது குக்கர் சேஃப்டி வால்வோட அடிப்பாகம். கட்டைவிரல் நகத்தளவு பித்தளை, நடுவுல ஒரு ஓட்டை, அவ்வளவுதான். குக்கர் கம்பெனிக்காரங்க அந்த ஓட்டைக்குள்ள ஒரு பின்னை இறக்கி மூடியில மாட்டிருவாங்க. விசில் அடைச்சு உள்ள ஆவி முட்டுச்சுன்னா அந்தப் பின்னு மேல எழும்பி ஆவியை வெளிய உடோணும். ஓட்டை ஒரு மயிரிழை சிறுத்தாலும் பின்னு இறுகிக்கும், எழும்பாது. எழும்பலைன்னா அந்த அடுப்படி என்ன ஆகும்னு பேப்பர்ல நீங்களே படிச்சிருப்பீங்க.

ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல வர்ற பீஸு அத்தனையையும் ஒருத்தி அளந்துட்டிருக்க முடியுமா? முடியாது. அதனால எத்தனை பீஸு எடுக்கறது, எத்தனை நேரத்துக்கு ஒருக்கா எடுக்கறதுன்னு முடிவு பண்றதுதான் கிளாடிஸோட முக்கியமான வேலை. ஆரம்பத்துல மணிக்கொருதரம் ஒவ்வொரு மெசினுக்கும் போய் அஞ்சு பீஸு எடுத்து அளந்து சார்ட்டுல புள்ளி வெப்பா. புள்ளியெல்லாம் நடுக்கோட்டை விட்டு நகரவே நகராது. பிசிறில்லாம அப்படி ஒரு கோடு. இவ்வளவு ஒழுங்கா ஓடற மெசினை மணிக்கொருதரம் போய்க் கிளறுவானேன்னு ரெண்டு மணிக்கொருதரம்னு கொறச்சா. அதுவும் நல்லாவே போகவும் காலைல பத்து மணிக்கு ஒண்ணு, மத்தியானம் மூணு மணிக்கு ஒண்ணு, அவ்வளவு போதும்னுட்டா. அவ படிச்ச புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்குது, நிலையா ஓடற வேலைக்குச் சோதனையைக் கொறச்சுக்கலாம்னு. அவ மனசாரத் தப்பு எதுவும் பண்ணலை, அதையும் சொல்லிப்போடறேன்.

குக்கர் கம்பெனிக்காரங்களுக்கு ஒரே குஷி. குறையே இல்லாத சப்ளையர்னு ஒரு ஷீல்டு குடுத்தாங்க. இனிமேல் உங்க பீஸை நாங்க அளக்கவே மாட்டோம், வந்ததும் நேரா குக்கர்ல மாட்டற லைனுக்குத்தான்னு மேடையிலயே சொல்லிட்டாங்க. கம்பெனியில வேலை செய்யற ஒவ்வொருத்தருக்கும் ஒரு குக்கர் பரிசு. பூச்செண்டு வாங்கும்போது கிளாடிஸுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அந்தக் குக்கர்தான் இப்ப ஜெஃபின் கையில இருக்குது.

அன்னைக்கு ஈஸ்வரமூர்த்தி அவளைப் பத்து மணிக்கு ரூமுக்குக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாரு. ஷிஃப்டுக்கு ஒரே ஒருக்கா பார்த்தாப் போதும்னு அவ எழுதிக் குடுத்த புதுத் திட்டத்துல கையெழுத்துப் போடோணும். ஆனா மனுசன் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. டீ வந்துச்சு, தட்டை முறுக்கு வந்துச்சு, குக்கர் கம்பெனிக்காரன் அவரை எப்படி அண்ணா அண்ணான்னு கூப்பிட்டான்னு கதை வந்துச்சு. "நாலு மணிக்கு லோடு ஏத்தி அனுப்பிப்போட்டு நிம்மதியா கையெழுத்துப் போடறனுங்க அம்மணி"ன்னு அவர் எந்திரிச்சப்ப மணி பதினொண்ணரையைத் தாண்டிருச்சு.

கிளாடிஸுக்கு ஒரு குணம். பத்து மணின்னா பத்து மணிதான், ஒரு நிமிசம் முன்னப் பின்ன ஆகாது. அவ வர்றதைப் பார்த்து ஆளுக வாட்சைத் திருப்பி வெச்சுக்குவாங்க. அப்படிப்பட்டவ அன்னைக்குத்தான் முதல்முதலா வேளை தப்பி மெசினுக்குப் போனா. மயிலாத்தாளோட மெசின் ஓடிட்டிருக்குது, ஆளைக் காணோம். தண்ணி புடிக்கப் போயிருக்கும். பீஸெல்லாம் ஒண்ணொண்ணா வந்து கீழ இருக்கற டப்பாவுல விழுந்துட்டிருக்குது. அக்கா வர்ற வரைக்கும் நிப்பானேன்னு கிளாடிஸ் டப்பாவுக்குள்ள கையை உட்டு அஞ்சை அள்ளிட்டா.

ஓட்டையை அளக்கறதுக்கு ஒரு கேஜ் இருக்குது. பென்சில் மாதிரி ரெண்டு முனை. ஒரு முனை ஓட்டைக்குள்ள நழுவிட்டுப் போகோணும், இன்னொண்ணு போகவே கூடாது. முதல் பீஸு போச்சு. ரெண்டாவதுல கேஜ் நுனியிலயே நின்னுருச்சு. பிசிறு ஒட்டியிருக்கும்னு துப்பட்டாவுல தொடச்சுட்டுப் பார்த்தா. நின்னுருச்சு. மூணாவதும் நின்னுருச்சு.

'கேஜ் கெட்டுப்போச்சு'ன்னுதான் அவளுக்கு முதல்ல தோணுச்சு. பாவம், வேற என்ன தோணும்? ஓடிப்போய் அலமாரியில இருந்து சீல் பிரிக்காத கேஜை எடுத்துட்டு வந்தா. அதுவும் நுழையலை. இன்னொரு கை அள்ளினா. நுழையறதை விட நுழையாததுதான் அதிகம்.

"அய்யய்யோ அம்மணி! அதுல எதுக்குங்க கையை உட்டீங்க?" தண்ணி பாட்டிலோட மயிலாத்தாள் ஓடியாந்தா. அம்பது வயசுக்காரி, சொந்தத் தோட்டத்துல தென்னை வாடிப்போனதுக்கப்புறம் மெசின் பழகி வேலைக்கு வந்தவ. கை சுத்தம், வாய் சுத்தம், லீவு போடவே மாட்டா. "ஒரே எண்ணெயும் பிசிறுமாக் கெடக்குதுங்க. கை என்னத்துக்கு ஆவறது? உங்களுக்குன்னு பத்து மணிக்கே எடுத்து வெச்சுட்டனுங்களே. நீங்கதான் வரலை."

மெசினுக்குப் பின்னால ஸ்டூல் மேல ஒரு சில்வர் தட்டு. அது மேல துவைச்ச வெள்ளைத் துணி. மயிலாத்தாள் துணியை எடுத்தா. அஞ்சு பீஸு, வட்டமா அடுக்கி, நகை மாதிரி மின்னுது.

அந்தத் தட்டு கிளாடிஸுக்குப் புதுசில்லை. தினமும் பார்க்கற தட்டுதான். அவ வர்றதுக்கும் மயிலாத்தாள் தட்டை நீட்டறதுக்கும் சரியா இருக்கும். இவ்வளவு நாளும் அவ நெனச்சுட்டிருந்தது, தான் வர்றதைப் பார்த்துட்டு அக்கா டப்பாவுல இருந்து அள்ளித் தொடச்சுக் குடுக்குதுன்னு. அவ தட்டுல இருந்த அஞ்சுலயும் கேஜை விட்டா. வெண்ணெயில கத்தி போற மாதிரிப் போச்சு.

"அக்கா, இதை எப்ப எடுத்தீங்க?"

"நீங்க வர்ற பத்து மணிக்குச் சித்த முன்னங்க. எப்பவும் அப்படித்தானுங்களே."

"எப்பவும்னா?"

"நீங்க இங்க சேர்ந்ததுல இருந்துங்க." மயிலாத்தாள் மொகத்துல ஒரு பெருமை. "ஒறம்பரை இத்தனை மணிக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சா ஊட்டைக் கூட்டி வெக்க மாட்டமுங்களா? நீங்க வர்ற நேரம் பார்த்து மெசினைத் தொடச்சுப்போட்டு, ரீமரைப் புதுசா மாத்திப்போட்டு, முதல்ல வர்ற அஞ்சைக் கெரசின்ல கழுவி எடுத்து வெச்சிருவேன். படிச்ச புள்ள, அழுக்குல கை வெக்கறதுன்னா நமக்கே ஒரு மாதிரி இருக்குதுங்களே."

ரீமர்ங்கறது அந்த ஓட்டையைச் சரியான அளவுக்குக் கொண்டு வர்ற டூல். புதுசா மாட்டுனதும் ஓட்டை அச்சா வரும். வேலை செய்யச் செய்ய அது தேயும். அது தேயத் தேய ஓட்டை சிறுக்கும்.

கிளாடிஸ் மெசின்ல இருந்த ரீமரைப் பார்த்தா. "நடுவுல? நடுவுல ரீமரை எப்ப மாத்துவீங்க?"

"நடுவுல எதுக்குங்க மாத்தோணும்? முன்னெல்லாம் நீங்க மணிக்கொருதரம் வருவீங்க, நானும் மணிக்கொருதரம் மாத்துவேன். பொறவு நீங்க வர்றதைக் கொறச்சீங்க, நானும் கொறச்சுப்போட்டேன். இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு தரம். டூலும் மிச்சந்தானுங்களே?"

பக்கத்து மெசின்ல திருமலைசாமி ஆமான்னு தலையாட்டினான். அவன் மெசினுக்குப் பின்னாலயும் ஒரு தட்டு இருந்துச்சு. பூப்போட்ட தட்டு. துணி போட்டு மூடியிருந்துச்சு. அதுக்கு அக்கட்ட இன்னொரு தட்டு.

அட கெரகமே! இதை என்னன்னு சொல்றது? திருட்டா? இல்லை. ஏமாத்தா? ஒருத்தர் மனசுலயும் கள்ளம் இல்லை. வர்ற புள்ளைக்கு மரியாதை பண்ணியிருக்காங்க, அவ்வளவுதான். ஊட்டுக்கு வர்றவங்களுக்குச் சொம்புல தண்ணி குடுக்கற கை, கம்பெனியிலயும் அதையேதான் செஞ்சிருக்குது. அஞ்சு பீஸு போதுமா, பத்து வேணுமான்னு கிளாடிஸ் கணக்குப் போட்டுப் போட்டுப் பார்த்தாளே, எத்தனை எடுத்தா என்ன, எடுத்தது அவ இல்லையே! அவ சார்ட்டுல அசையாம நின்ன புள்ளி அத்தனையும் புது ரீமரோட புள்ளி. டப்பாவுல விழுந்த பீஸை ஒரு நாளும் யாரும் அளக்கலை. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. அவ வர்றதைக் கொறைக்கக் கொறைக்க ரீமர் மாத்தறதும் கொறஞ்சிருக்குது. பீஸைக் கெடுத்தது மயிலாத்தாள் இல்லை, மெசின் இல்லை. அவ போட்ட திட்டம்.

"மெசினை நிறுத்துங்கக்கா. எல்லாரும் நிறுத்துங்க." அவ குரல் அவளுக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

"என்னங்க அம்மணி, எதாச்சும் தப்பாப் போச்சுங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவளுக்குச் சுவத்துக் கடிகாரம் கண்ணுல பட்டுச்சு. மணி பன்னெண்டு அடிச்சிருந்துச்சு. ஜெஃபின் பருப்பு வெக்கற நேரம். 'என்னை நம்புங்க'ன்னு காலைல சொன்னது காதுல வந்து அறைஞ்சுது.

ஃபோனைப் போட்டா. மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. திரும்பப் போட்டா. எடுக்கலை. கேஜ் கையிலயே இருக்க, செருப்பு மாத்தக்கூட நிக்காம ஸ்கூட்டிக்கு ஓடினா. மதுக்கரை வரைக்கும் அவ எப்படிப் போய்ச் சேர்ந்தாள்னு கேட்டா இன்னைக்கும் அவளால சொல்ல முடியாது. சிமெண்ட் லாரி ஒண்ணு ஹார்ன் அடிச்சுத் திட்டிட்டுப் போனது மட்டும் ஞாபகம் இருக்குதாம். "ஏசப்பா, ஏசப்பா"ன்னு ஹெல்மெட்டுக்குள்ள பொலம்பிட்டே போயிருக்கா.

கதவு திறந்துதான் இருந்துச்சு. ஜெஃபினோட ஃபோன் டிவி மேல சத்தமில்லாமக் கெடந்துச்சு. அடுப்படி வாசல்ல ஸ்டூலைப் போட்டு, போர்வையைச் சுத்திக்கிட்டு, நவ்யா குக்கரையே பார்த்துட்டு உக்காந்திருந்தா.

"அப்பா குளிக்கறாரும்மா. மூணு விசில் வந்தாக் கூப்பிடுன்னு சொன்னாரு. ரொம்ப நேரமா எண்ணிட்டே இருக்கேன், ஒண்ணு கூட வரலை."

குக்கர் அடுப்பு மேல உக்காந்திருந்துச்சு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம் இல்லை, மேல ஒரு இழை ஆவி இல்லை. கீழ நீலமா எரியுது, மேல மூச்சைக் காணோம். வீட்டுக்காரிக்கு அந்த அமைதி என்னன்னு தெரியும். கிளாடிஸ் புள்ளையை ஸ்டூலோட சேர்த்து வாரி எடுத்தா. ஸ்டூல் எங்கியோ போய் உழுந்துச்சு. ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்கு ஓடி, வெளிய இருந்த சிலிண்டரோட ரெகுலேட்டரைத் திருகி அணைச்சா. "வெளிய வாங்க! இருக்கற மேனிக்கே வெளிய வாங்க!"ன்னு அவ போட்ட கத்தல்ல ஜெஃபின் தலையில சோப்பு நுரையோட, இடுப்புல துண்டோட ஓடியாந்தான். பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். மூணு பேரும் வேப்ப மரத்தடியில ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுட்டு நின்னாங்க.

ஒண்ணும் வெடிக்கலை. கடவுள் புண்ணியம்னுதான் சொல்லோணும். அடுப்பு அணைஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா ஆறிப்போச்சு. நல்லா ஆறுனதுக்கப்புறம், நவ்யாவை வெளியவே நிக்க வெச்சுட்டு, ரெண்டு பேரும் உள்ள போய் மூடியைக் கழட்டினாங்க. விசில் குழாய் பருப்பால களிமண்ணு வெச்ச மாதிரி அடைச்சுக் கெடந்துச்சு. கிளாடிஸ் மூடியைக் கவுத்து, சேஃப்டி வால்வோட பின்னைச் சுண்டு விரலால கீழிருந்து தள்ளினா. துள்ளி எழும்ப வேண்டிய பின்னு. எழும்பலை. கட்டைவிரல் வெளுக்கற அளவுக்கு அழுத்தினா. அசையலை.

ஜெஃபின் கேலி பண்ணலை, கோவப்படலை. பாவம், நெசமாவே தெரியாமத்தான் கேட்டான். "இது நீ பார்த்து அனுப்புன பீஸுதான கிளாடி?"

அவ அப்படியே அடுப்படித் தரையில உக்காந்துட்டா. அழுகை கூட வரலை. இந்த ஊட்டுல வந்து கத்தறதுக்கு அவ இருந்தா. ஊர்ல இருக்கற மத்த ஊடுகளுக்கு யார் போய்க் கத்தறது?

மூணு மணிக்கு அவ மூடியைக் கட்டைப் பையில போட்டுட்டுக் கம்பெனிக்குள்ள நுழைஞ்சப்ப, லாரியில பெட்டி ஏத்திட்டிருந்தாங்க. ஈஸ்வரமூர்த்தி வாசல்லயே நின்னுட்டிருந்தாரு. மொகம் செவந்து கெடந்துச்சு.

"எங்கீங்க போனீங்க? மெசினையெல்லாம் நிறுத்திப்போட்டுச் சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போனா என்னங்க அர்த்தம்? நாந்தான் திரும்ப ஓட்டச் சொன்னேன்."

கிளாடிஸ் எல்லாத்தையும் சொன்னா. தட்டு, துணி, ரீமர், தன்னோட திட்டம், நவ்யா எண்ணுன விசில், எல்லாத்தையும். "நாம இத்தனை நாளும் அளந்தது சாம்பிளே இல்லைங்க சார். நமக்கு வெச்ச விருந்து. லோடை இறக்கச் சொல்லுங்க. குக்கர் கம்பெனிக்குச் சொல்லுங்க, போனதையெல்லாம் நிறுத்தட்டும்."

ஈஸ்வரமூர்த்தி கெட்டவர் இல்லை. ஆனா கேட்டதும் ஒத்துக்கற விசயமா இது? "ஏனுங்க, ஒரு மூடி இறுகிப்போச்சுன்னா ஊரே இறுகிப்போச்சா? பருப்புப் போய் ஒட்டியிருக்கும். இத்தனை மாசத்துல ஒரு புகார் வந்திருக்குதுங்களா? இன்னைக்கு நானே ஃபோன் பண்ணி எங்க பீஸு கெட்டதுன்னு சொன்னா, நாளைக்கு நம்ம வாசப்படியை எவன் மிதிப்பான்? ஒண்ணும் ஆவாதுங்க. போற லோடு போகட்டும், நாளைல இருந்து பார்த்துக்கலாம்."

"ஒண்ணும் ஆகாதுங்களா சார்?"

"ஆவாதுங்கறனில்ல."

"அப்ப ஊட்டுக்கு, கீதாக்காவுக்கு ஃபோன் பண்ணுங்க. உங்க ஊட்டுலயும் அந்தக் குக்கர்தான இருக்குது. விசிலை அடைச்சுப்போட்டு அதுல சமைச்சுப் பார்க்கச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க, நான் கையெழுத்துப் போட்டு லோடை அனுப்பறேன்."

வெளையாட்டுக்குச் சொல்ற மொகமா அது? ஈஸ்வரமூர்த்தி அவளையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாரு. மூடியை வாங்கி அவரும் ஒருக்கா பின்னை அழுத்திப் பார்த்தாரு. அப்புறம் ஒரு வீம்புல ஃபோனை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டாரு.

"ஏனுங்க, சொல்லுங்க," கீதாவோட குரல். பின்னால டிவி சத்தம்.

"கீதா... என்ன பண்ணிட்டிருக்கற?"

"கொள்ளு வேக வெச்சிருக்கறனுங்க. அந்தப் புதுக் குக்கர்லதான். ஒரு விசில் வந்துச்சு, அப்புறம் சத்தத்தையே காணோம். போய்த் திறந்து பார்க்கலாம்னு..."

"கிட்டப் போகாத!"

அந்தக் கத்தல்ல பெட்டி ஏத்திட்டிருந்த ஆளுக அப்படியே நின்னுட்டாங்க. "குக்கரைத் தொடாத! சிலிண்டர் வெளியதான இருக்குது, அங்க போய் அணைச்சுப்போட்டு ரோட்டுக்குப் போ! காரணமெல்லாம் கேக்காத, போ கண்ணு, ஓடு!" கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசத்துல அந்த மனுசன் பொண்டாட்டியை வெளியாள் முன்னால கண்ணுன்னு கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கீதா செருப்பில்லாம ஓடற சத்தம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. கேட் திறக்கற சத்தம் கேட்டுச்சு. "வந்துட்டனுங்க, ரோட்டுலதான் நிக்கறேன், என்னங்க ஆச்சு?"ன்னு அவ கேட்ட பொறவுதான் ஈஸ்வரமூர்த்திக்கு மூச்சு வந்துச்சு. சட்டை தண்ணியில முக்குன மாதிரி நனைஞ்சு போச்சு.

அவர் லாரிப் பக்கம் திரும்பி, "எறக்குங்கப்பா," அப்படின்னாரு. கிளாடிஸைப் பார்க்காமயே குக்கர் கம்பெனி நம்பரைத் தேட ஆரம்பிச்சாரு. அவசரத்துல ரெண்டு தடவை தப்பான ஆளுக்குப் போச்சு.

குக்கர் கம்பெனி லைனை நிறுத்துச்சு. கடைகள்ல இருந்து திரும்ப எடுக்கற வேலை அடுத்த நாளே ஆரம்பிச்சுது. டிவியில விளம்பரம் குடுத்தாங்க, பேப்பர்ல போட்டாங்க. அது ஒரு நாள்ல முடியற வேலையா என்ன? வித்தது எந்த ஊட்டு அடுப்புல உக்காந்திருக்குதோ யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு மூடி திரும்பி வரும்போதும் கிளாடிஸ் பின்னைத் தள்ளிப் பார்ப்பா. வராத மூடியை நெனச்சுட்டு வேற எந்த வேலையும் ஓடாம உக்காந்திருப்பா.

திட்டத்தை அவ முழுசா மாத்தினா. ரீமரை மாத்தறது இனி பீஸு கணக்குக்கு, ஆள் வர்ற நேரத்துக்கு இல்லை. மாத்தறதுக்கு முன்னால வர்ற கடைசி அஞ்சைக் கட்டாயம் அளக்கோணும், அதுதான் நெசத்தைச் சொல்லும். மெசினுக்குப் போற நேரத்தை அவளே முடிவு பண்றதில்லை. காலைல வந்ததும் டிபன் பாக்ஸ்ல நேரம் எழுதுன துண்டுச் சீட்டுகளைப் போட்டு, ஏலச்சீட்டுக்காரங்க மாதிரிக் குலுக்கி எடுப்பா. வந்த நேரத்துக்குப் போவா. யார்கிட்டயும் சொல்ல மாட்டா. பீஸை அவ கையாலதான் எடுப்பா.

மயிலாத்தாள் மட்டும் அன்னைக்குப் பொறவு ரெண்டு நாளா வேலைக்கு வரலை. மூணாம் நாள் கையில ஒரு அட்டைப் பெட்டியோட வந்தா. பிரிக்காத பெட்டி. பரிசாக் குடுத்த குக்கர்தான். நாலு மூலையிலயும் மஞ்சள் வெச்சிருந்துச்சு.

"என்ற புள்ள ரித்திகாவுக்குத் தை மாசம் கொடுமுடிக் கோயில்ல கல்யாணமுங்க அம்மணி. சீர் சாமானத்தோட குடுக்கறதுக்குன்னு வெச்சிருந்தேன்." "அந்த ஓட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. பித்தளைத் துண்டுன்னுதான் நெனச்சேன். யாரும் சொல்லலை, நானும் கேக்கலை. நீங்க இதைக் கொஞ்சம் பாருங்க."

கிளாடிஸ் பெட்டியைப் பிரிச்சா. மூடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தை உரிச்சா. தண்ணி படாத, நெருப்பு படாத, பருப்பு ஒட்டாத புது மூடி. அவ தொடறதுக்கு முன்னாலயே மயிலாத்தாள் குனிஞ்சு, தன்னோட கட்டைவிரலைப் பின்னுக்குக் கீழ வெச்சு அழுத்தினா. வருசக்கணக்கா மெசின் பார்த்த கை, நல்ல பலமான விரல். பின்னு அசையலை. இன்னொருக்கா அழுத்தினா. மூணாவது தடவை அழுத்தும்போது அவ ஒடம்பே குலுங்குச்சு.

"நாஞ் செஞ்சதுங்களா?"

"ரெண்டு பேரும் செஞ்சதுக்கா."

மயிலாத்தாள் கண்ணைத் தொடச்சுட்டு மெசினுக்குப் பின்னால போனா. ஸ்டூல் மேல இருந்த தட்டை எடுத்து, துணியை மடிச்சு, ரெண்டையும் தன்னோட பைக்குள்ள வெச்சா. மெசினைப் போட்டுட்டுத் திரும்பாமயே சொன்னா.

"எங்கூட்டுக் கல்யாணத்துக்குச் சொல்லிப்போட்டு வாங்க அம்மணி. இங்க மட்டும் சொல்லாம வாங்க."

கிளாடிஸ் டப்பாவுக்குள்ள முழங்கை வரைக்கும் கையை உட்டா.